கப்பலில் நான் நீக்கிய 185 டாலர் யாருடைய பணம்?

கோவையிலிருந்து ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

கடந்த டிசம்பரில், அமெரிக்காவில் வேலை பார்க்கும் மகன் பெற்றோரை புளோரிடாவிலிருந்து பஹாமாஸுக்கு ஐந்து இரவுக் கப்பல் பயணம் அழைத்துப்போயிருக்கிறார். இரண்டாம் நாள் கேபின் கணக்கைத் தொலைக்காட்சித் திரையில் பார்த்த இவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆளுக்கு நாளொன்றுக்கு 18.50 டாலர் ‘கிராஜுவிட்டி’, அதாவது ஊழியர்களுக்கான டிப்ஸ், என்ற பெயரில் தானாகவே ஏறிக்கொண்டிருந்தது. முன்பே இப்படிப் பயணம் போய்வந்த சகலை, “கவுன்டரில் சொன்னால் எடுத்துவிடுவார்கள், விவரம் தெரிந்தவர்கள் யாரும் கட்டுவதில்லை” என்று சொல்லி அனுப்பியிருந்தார். இவரும் மகனிடம் சொல்லாமல் கவுன்டருக்குப் போனார். மறுபேச்சில்லாமல் நீக்கிவிட்டார்கள். கணவன் மனைவி இருவருக்கும் சேர்த்து 185 டாலர், நம் பணத்தில் ஏறக்குறைய 16,000 ரூபாய் மிச்சமானது.

கேபினைப் பார்த்துக்கொண்ட இளைஞர் நாகர்கோவில் பக்கத்துக்காரர். இவருடைய மனைவியை “அம்மா” என்றே கூப்பிட்டார். மூட்டுவலிக்கு இரவில் வெந்நீர்ப் பை நிரப்பிக்கொண்டு வந்து வைத்தார். இறங்கும் நாள் காலையில் இவர் அந்த இளைஞரின் கையில் 20 டாலர் கொடுத்தார். தாராளமாகவே கொடுத்துவிட்டோம் என்றுதான் நினைத்தார். வீட்டுக்கு வந்த பிறகு கணக்கைப் பார்த்த மகன், “அது அவர்களுடைய சம்பளம் அப்பா” என்று சொல்லிவிட்டுச் சில நாள் சரியாகப் பேசவில்லை.

வரும் ஜூனில் சம்பந்தி குடும்பத்தையும் சேர்த்து எட்டுப் பேர் சியாட்டிலிலிருந்து அலாஸ்காவுக்கு ஏழு இரவுப் பயணம் போகிறார்கள். அதே கட்டணம் என்றால் மொத்தம் 1,036 டாலர். வாசகரின் கேள்விகள் இவை: இதைக் கட்டச் சட்டப்படி கட்டாயம் உண்டா? டாலரில் சம்பளம் வாங்குகிறவர்களுக்கு நாம் ஏன் தனியாகக் கொடுக்க வேண்டும்? கொடுப்பதென்றால் யாருக்கு, எப்போது, எவ்வளவு? அந்த நாகர்கோவில் பையனுக்கு இப்போது ஏதாவது செய்ய முடியுமா?

ஐயா, கப்பல் ஊழியர்களின் சம்பள வழக்குகளையும் விபத்து வழக்குகளையும் நடத்துகிற வழக்கறிஞர் என்ற முறையில் பதில் சொல்கிறேன். இந்த விஷயத்தில் என் சார்பு எந்தப் பக்கம் என்பதை மறைக்கப்போவதில்லை. ஆனாலும் உங்கள் முதல் கேள்விக்கான பதில் உங்களுக்குச் சாதகமானதுதான்.

சட்டப்படி கட்டாயமா?

இல்லை. அமெரிக்கத் துறைமுகங்களிலிருந்து புறப்படும் பெரிய கப்பல்களில் பெரும்பாலானவற்றில் இந்த அன்றாடத் தொகையைப் பயணி குறைக்கவோ நீக்கவோ கேட்கலாம். கப்பலில் இருக்கும்போதே கேட்க வேண்டும் என்பதுதான் பொதுவான நிபந்தனை. நீங்கள் செய்தது குற்றமோ ஒப்பந்த மீறலோ அல்ல. கப்பலை விட்டு இறங்கிய பிறகு வங்கியில் புகார் கொடுத்துப் பணத்தைத் திரும்பப் பெற முயல்வதுதான் ஆபத்து. அந்த வழக்கு பெரும்பாலும் நிற்காது, அடுத்த முறை அந்த நிறுவனம் உங்கள் முன்பதிவை ஏற்க மறுக்கவும் கூடும். சகலையின் அடுத்த யோசனை அதுவாக இருந்தால் கேட்காதீர்கள்.

பானங்கள், தனிக்கட்டண உணவகம், அழகு நிலையம் ஆகியவற்றின் பில்லில் சேர்க்கப்படும் 18 முதல் 20 சதவீதம் வேறு வகை. அது விலையோடு ஒட்டிய சேவைக் கட்டணம், நீக்கச் சொன்னால் பொதுவாக நீக்க மாட்டார்கள். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். காபிக்கோ பழச்சாறுக்கோ கையெழுத்துப் போடத் தரும் சீட்டில் அந்தச் சதவீதம் ஏற்கெனவே சேர்ந்திருக்கும். அதற்குக் கீழே ‘கூடுதல் டிப்ஸ்’ என்று ஒரு வெற்றுக் கோடும், அதற்கும் கீழே மொத்தத் தொகைக்கு ஒரு கோடும் இருக்கும். கண்ணாடி போடாமல் அவசரத்தில் அந்தக் கோட்டில் எதையாவது எழுதிவிட்டு, ஒரே காபிக்கு இரண்டு முறை டிப்ஸ் கொடுத்தவர்கள் நிறையப் பேர். விருப்பமில்லை என்றால் அந்த இடத்தில் ஒரு கோடு கிழித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

டாலர் சம்பளம் என்பது எவ்வளவு?

உங்கள் கடிதத்தில் நான் திருத்த விரும்புவது இதைத்தான். அமெரிக்கக் கரையிலிருந்து புறப்படுகிற கப்பல் என்பதால் அமெரிக்கச் சம்பளம் கிடைக்கும் என்று நினைக்கிறீர்கள். அந்தக் கப்பல்களில் மிகப் பெரும்பாலானவை பஹாமாஸ், பனாமா, பெர்முடா, மால்டா போன்ற நாடுகளில் பதிவாகி அவற்றின் கொடியில் ஓடுகின்றன. அமெரிக்கக் கொடி இல்லாத கப்பலில் வேலை செய்யும் கடலோடிக்கு அமெரிக்காவின் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் பொருந்தாது என்று அந்தச் சட்டமே விலக்கு அளித்திருக்கிறது. ஹவாய்த் தீவுகளைச் சுற்றும் ‘பிரைடு ஆஃப் அமெரிக்கா’ போல அமெரிக்கக் கொடி பறக்கும் பெரிய பயணிகள் கப்பல் அபூர்வம்.

உங்கள் அலாஸ்கா பயணத்திலேயே இந்த வேறுபாட்டை நேரில் பார்க்கலாம். ஜூனோ துறைமுகத்தில் உங்களைப் பனியாறு பார்க்க ஏற்றிச்செல்லும் பஸ் ஓட்டுநருக்கு, 2024-இல் அந்த மாநில மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய சட்டப்படி 2025 ஜூலையில் மணிக்கு 13 டாலராக உயர்ந்த குறைந்தபட்ச ஊதியம் உண்டு. வாங்குகிற டிப்ஸைக் காட்டி முதலாளி அதைக் குறைக்க அலாஸ்கா சட்டம் இடம் தராது. அதே துறைமுகத்தில் கட்டி நிற்கும் கப்பலுக்குள் உங்கள் படுக்கையை விரிக்கும் பையனுக்கு அந்தச் சட்டம் கிடையாது.

அவருக்கு இருக்கும் பாதுகாப்பு, ‘கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை 2006’ என்ற சர்வதேச ஒப்பந்தம். 2013 ஆகஸ்ட் 20 முதல் நடைமுறையில் இருக்கிறது. இந்தியா 2015-இல் ஏற்றது. கப்பலில் எந்த வேலை பார்த்தாலும், சமைத்தாலும் தரை துடைத்தாலும், அவர் கடலோடிதான் என்கிறது அது. மாதாமாதம் சம்பளம், ஊருக்குத் திரும்பும் செலவு, மருத்துவம் எல்லாம் அதில் உண்டு. வேலைநேரத்துக்கு அது வைத்திருக்கும் உச்சவரம்பு 24 மணி நேரத்தில் 14 மணி; ஏழு நாளில், கப்பலின் கொடிக்குரிய நாடு தேர்ந்தெடுக்கும் கணக்கைப் பொறுத்து, 72 அல்லது 91 மணி. உச்சவரம்பே இதுதான் என்றால் நடப்பு எப்படி இருக்கும் என்று ஊகித்துக்கொள்ளுங்கள். ஆறு முதல் ஒன்பது மாத ஒப்பந்தத்தில் வாரவிடுமுறை என்ற ஒன்றை நடைமுறையில் யாரும் பார்ப்பதில்லை.

சம்பளம்? பயிற்சி பெற்ற மாலுமி ஒருவருக்கு சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் கூட்டுக் குழு பரிந்துரைத்த குறைந்தபட்ச அடிப்படை ஊதியம் 2026 ஜனவரி முதல் மாதத்துக்கு 690 டாலர், சுமார் 60,000 ரூபாய். கேபின் ஊழியரும் வெயிட்டரும் அந்தப் பட்டியலில் நேராக வருவதில்லை. அவர்களுடைய ஊதியம் நிறுவனமும் தொழிற்சங்கமும் போடும் ஒப்பந்தத்தைப் பொறுத்தது. உறுதியளிக்கப்பட்ட ஒரு தொகை இருக்கும், அதற்கு மேல் கையில் வருவதில் பெரும்பங்கு பயணிகளின் அன்றாடக் கட்டணத்திலிருந்துதான். இதற்கிடையே ஆள் சேர்ப்பதற்குக் கடலோடியிடம் பணம் வாங்கக் கூடாது என்று உடன்படிக்கையும் நம் நாட்டு விதிகளும் தடுத்திருந்தாலும், ஏஜென்ட்டுக்குக் கொடுக்க வட்டிக்கு வாங்கியவர்கள்தான் என் அலுவலகப் படியேறி வருகிறவர்களில் பலர். முதல் ஒப்பந்தத்தின் சம்பாத்தியம் அந்தக் கடனுக்கே போய்விடுகிறது.

ஆகவே உங்கள் மகன் சொன்னது பெருமளவுக்குச் சரி. முழுவதும் சரி என்று சொல்ல மாட்டேன். நீங்கள் நீக்கியதால் அந்தப் பையனின் அடிப்படைச் சம்பளத்தில் 185 டாலர் பிடிக்கப்பட்டிருக்காது. அந்தத் தொகை ஒரே ஆளுக்குப் போவதும் அல்ல. உணவுக்கூட ஊழியர்கள், கேபின் ஊழியர்கள், உங்கள் கண்ணில் படாமல் கீழ்த்தளத்தில் துணி வெளுப்பவர், பாத்திரம் கழுவுபவர் எனப் பலருக்கும் பங்கு பிரிகிறது. அத்தனை பேருடைய பங்கும் கொஞ்சம் கொஞ்சம் குறைந்தது. ஊழியர் நலத் திட்டங்களுக்கும் அதில் ஒரு பகுதி போகிறது என்று சில நிறுவனங்கள் சொல்கின்றன. பங்கீட்டுக் கணக்கைப் பயணிகளுக்கு வெளிப்படையாகக் காட்டாதது நிறுவனங்களின் பெரிய குறை என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

“அப்படியானால் சம்பளத்தை டிக்கெட்டிலேயே சேர்த்துவிட வேண்டியதுதானே, இது கம்பெனியின் தந்திரம்” என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கோபம் நியாயமானது. பிரிட்டனின் பி அண்ட் ஓ குரூசஸ் 2019-இல் அன்றாடச் சேவைக் கட்டணத்தையே எடுத்துவிட்டது. சீபோர்ன், சில்வர்சீ, ரீஜென்ட் போன்ற உயர்விலை நிறுவனங்கள் டிப்ஸைப் பயணக் கட்டணத்திலேயே அடக்கிவிடுகின்றன. மற்றவர்கள் செய்யாததற்குக் காரணம் விளம்பரத்தில் விலை குறைவாகத் தெரிய வேண்டும் என்பதுதான். இதை எதிர்க்க விரும்பினால் டிக்கெட் வாங்குமுன் விலையை ஒப்பிட்டு வேறு நிறுவனத்துக்குப் போங்கள், பயணத்துக்குப் பின் வரும் கருத்துப் படிவத்தில் அழுத்தமாக எழுதுங்கள். கவுன்டரில் போய் நீக்குவது நிறுவனத்தை ஒன்றும் செய்யாது. உங்கள் கோபம் சரி, அது போய்ச் சேர்ந்த முகவரிதான் தப்பு.

இன்னொன்று. நீக்கிவிட்டு அதே தொகையை நமக்குப் பிடித்த ஆளுக்குக் கையில் கொடுத்துவிடலாமே என்று பலர் நினைக்கிறார்கள். கட்டணத்தை நீக்கிய பயணி கையில் கொடுக்கும் பணத்தையும் பொதுக்கணக்கில் ஒப்படைக்க வேண்டும் என்று சில நிறுவனங்களில் விதி இருக்கிறது. அப்படியொரு கப்பலில் நீங்கள் கொடுத்த 20 டாலரும் அந்தப் பையனிடம் தங்கியிருக்காது. கட்டணத்தை விட்டுவைத்து அதற்கு மேல் கொடுப்பது மட்டுமே, வாங்கியவர் கையிலேயே முழுசாக நிற்கும்.

கையில் கொடுப்பது

அன்றாடக் கட்டணம் கட்டியாகிவிட்டது என்றால் அதற்கு மேல் கொடுப்பது உங்கள் மனம் விரும்பினால் மட்டும். கொடுக்காவிட்டால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். உங்கள் எட்டுப் பேர் குழுவை மனத்தில் வைத்துச் சொல்கிறேன்.

கேபின் ஊழியருக்கு ஒரு கேபினுக்கு, ஒரு வாரப் பயணத்துக்கு 20 முதல் 50 டாலர் வரை மரியாதையான தொகை. கடைசி நாள் காலையில் கொடுக்காதீர்கள். அன்று காலை எட்டு, எட்டரைக்கெல்லாம் உங்களை வெளியே அனுப்பிவிட்டு, நண்பகலில் ஏறப்போகும் அடுத்த பயணிகளுக்காக அவர் அத்தனை அறைகளையும் புரட்டிப்போட்டுத் தயார் செய்ய வேண்டும். அவரைத் தேடிப் பிடிப்பதே கஷ்டம். முந்தின நாள் மாலை கொடுங்கள். மேசைமேல் வெறும் நோட்டை வைத்துவிட்டுப் போகாதீர்கள். பயணி மறந்துவிட்டுப் போன பணமா, தனக்கு வைத்ததா என்று தெரியாமல் எடுத்தால் அவர்மேல் திருட்டுப் புகார் வரும் என்ற பயம் அவருக்கு இருக்கும். உறையில் போட்டு அவர் பெயரை எழுதுங்கள். நம் வீட்டு மொய் கவரே போதும், அதில் ஒட்டியிருக்கும் ஒரு ரூபாய் நாணயத்தைப் பார்த்து நாகர்கோவில்காரர் சந்தோஷப்படுவார். உள்ளே வைப்பது டாலர் நோட்டாக இருக்கட்டும். பிலிப்பைன்ஸ், இந்தோனேசியாக்காரர்களுக்கு நம் ரூபாயால் பயனில்லை.

உணவுக்கூடத்தில்தான் உங்கள் குடும்பம் கொஞ்சம் தாராளமாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து. நீங்கள் எல்லோரும் சைவம், சம்பந்தியம்மா வெங்காயம் பூண்டும் சேர்ப்பதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பெரிய கப்பல்கள் பலவற்றில் தலைமை வெயிட்டரிடம் முதல் நாள் இரவே சொல்லி வைத்தால், சமையல்கூடத்தில் இருக்கும் இந்தியச் சமையல்காரர் ஒருவரைக் கொண்டு மறுநாளுக்கு சாதம், பருப்பு, ஒரு காய் எனத் தனியாகச் செய்து தருகிறார்கள். அது அட்டைப் பட்டியலில் இல்லாத வேலை. ஆயிரக்கணக்கானோருக்குச் சமைக்கும் நெருக்கடியில் எட்டுப் பேருக்காகத் தனி அடுப்பு பற்றவைக்கிறார்கள். அப்படி நடந்தால் தலைமை வெயிட்டருக்கு 30, 40 டாலர், உங்கள் மேசை வெயிட்டருக்கும் உதவியாளருக்கும் சேர்த்து அதே அளவு கடைசி இரவு உணவின்போது கொடுக்கலாம். சமையல்காரரின் பெயரைக் கேட்டு, அவருக்கென்று தனி உறை கொடுத்தனுப்புங்கள். அவரை யாரும் நினைப்பதில்லை.

அறைக்கு உணவு கொண்டுவருபவருக்கு ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று டாலர். சியாட்டில் துறைமுகத்தில் பெட்டி தூக்குபவருக்குப் பெட்டிக்கு ஒன்றிரண்டு டாலர். அவர் கப்பல் ஊழியர் அல்ல, உங்கள் அன்றாடக் கட்டணத்தில் அவருக்குப் பங்கு இல்லை. திமிங்கலம் பார்க்கும் படகு, ஸ்காக்வேயில் பஸ் சுற்றுலா போன்றவற்றில் வழிகாட்டிக்குத் தலைக்கு ஐந்து டாலரளவு கொடுப்பது அங்கே வழக்கம். கேப்டனுக்கும் அதிகாரிகளுக்கும் மருத்துவருக்கும் பணம் நீட்டக் கூடாது. அது அவர்களைச் சங்கடப்படுத்தும்.

ஒன்று, ஐந்து, பத்து டாலர் நோட்டுகளைப் புறப்படுமுன் மகனை வங்கியில் வாங்கி வைக்கச் சொல்லுங்கள். கப்பலில் சில்லறைக்கு வரிசையில் நிற்க வேண்டியிருக்கும்.

பணத்துக்கு நிகரான ஒன்றும் உண்டு. பயணம் முடிந்து மின்னஞ்சலில் வரும் கருத்துப் படிவத்தில் ஊழியரின் பெயரைக் குறிப்பிட்டு நான்கு வரி எழுதுவது. அடுத்த ஒப்பந்தம், பதவி உயர்வு ஆகியவற்றில் அந்தப் பெயர்க்குறிப்புக்கு மதிப்பு இருக்கிறது. சட்டையில் குத்தியிருக்கும் பெயர் அட்டையை முதல் நாளே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

சேவையில் குறை இருந்தால்

உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி இருந்தது: குளியலறை வடிகால் இரண்டு நாள் அடைத்துக்கிடந்ததாம், நீக்கியதற்கு அதுவும் ஒரு காரணமாம். வடிகால் கேபின் ஊழியரின் கையில் இல்லை, பராமரிப்புப் பிரிவின் வேலை. அதற்காக வெயிட்டரின் பங்கும் சலவைக்காரரின் பங்கும் போனது. இப்படி நடந்தால் அன்றே கவுன்டரில் சொல்லி, சொன்ன நேரத்தைக் குறித்துவைத்து, சரியாகாவிட்டால் மறுநாள் மேற்பார்வையாளரைக் கேளுங்கள். கப்பலில் செலவழிக்கும் வகையில் கணக்கில் ஈடு கேட்பதற்கு உங்களுக்கு எல்லா நியாயமும் உண்டு, பல நேரம் கொடுக்கவும் செய்வார்கள். அது நிறுவனத்தின் பணத்திலிருந்து வரும். ஊழியர் ஒருவர் உண்மையிலேயே மரியாதைக் குறைவாக நடந்திருந்து, சொல்லியும் பயனில்லை என்றால் கட்டணத்தைக் குறைக்கக் கேட்பதில் நான் தவறு காண மாட்டேன். கடைசிப் படி அது.

அந்தப் பையனும் சம்பந்தியும்

முடிந்துபோன பயணத்தின் கணக்கில் அந்த 185 டாலரைத் திரும்பச் சேர்ப்பது பெரும்பாலும் நடக்காது. சமூக வலைத்தளத்தில் அவரைத் தேடிப் பிடித்துப் பணம் அனுப்புவதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். பயணிகளோடு தனிப்பட்ட தொடர்பு வைப்பதில் கப்பல் ஊழியர்களுக்குக் கட்டுப்பாடுகள் உண்டு, நீங்கள் நல்லது என்று செய்வது அவருக்கு விளக்கக் கடிதமாக முடியலாம். அவருடைய பெயர், கேபின் எண், பயணத் தேதி மூன்றையும் குறிப்பிட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்கு ஒரு பாராட்டு மின்னஞ்சல் அனுப்புங்கள். வெந்நீர்ப் பையைப் பற்றி எழுதுங்கள். “நல்ல சேவை” என்ற பொதுச் சொல்லைவிட அந்த ஒரு செய்தி எடுபடும். இத்தனை மாதம் கழித்தும் எழுதலாம், இந்த வாரமே எழுதுங்கள்.

அலாஸ்கா பயணத்துக்கு, அன்றாடக் கட்டணத்தை முன்கூட்டியே கட்டிவிடும்படி மகனிடம் சொல்லுங்கள். இடையில் கட்டணம் உயர்ந்தால் முன்பே கட்டியவர்களுக்குப் பழைய தொகையே நிற்பது பொதுவான வழக்கம். தினமும் கணக்கில் ஏறுவதைப் பார்த்து உங்களுக்கும் மனம் பதறாது. சம்பந்தி வீட்டார் தங்கள் செலவைத் தாங்களே ஏற்பதாக இருந்தால், டிக்கெட் விலையைச் சொல்லும்போதே ஆளுக்கு 129.50 டாலரைச் சேர்த்து ஒரே தொகையாகச் சொல்லிவிடுங்கள். கப்பலில் ஏறிய பிறகு இந்தப் பேச்சு வந்தால் அவர்கள் உங்களைத் தப்பாக நினைக்க இடம் உண்டு. பேத்திக்கு நான்கு வயது என்றீர்கள், அவளும் இந்தக் கணக்கில் உண்டு. சில நிறுவனங்கள் இரண்டு அல்லது மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு மட்டுமே விலக்குத் தருகின்றன, சில அதையும் தருவதில்லை.